யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?

சிவகிரியில் புதிதாகத் தென்படுகிற ஒருவரிடம் யாரும் ‘நீங்க யாரு?’ என்று கேட்பதில்லை. ‘யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?’ என்றுதான் கேட்கிறார்கள். முதல் கேள்வி என்றால் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நம்பவில்லையென்றால் ஆதார் அட்டையைக் காட்டலாம். இரண்டாவது கேள்விக்கு ஆதார் அட்டை உதவாது. அதற்குப் பதில் சொல்ல ஊருக்குள் உங்களுக்கு ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டில் ‘ஆமா, நம்ம தம்பிதான்’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஒன்றேகால் வருடம் அந்த ஊரில் இருந்தேன். அந்தக் கேள்வியை எத்தனை விதமாகக் கேட்கலாமோ அத்தனை விதமாகவும் கேட்டார்கள். நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்க நிறையக் கதைகள் கிடைத்தன. சிரித்து முடித்தபின் ஒன்று மட்டும் தீராமல் நின்றது. தன்னிடம் வருகிறவனை ‘நீ யார்’ என்று கேட்க ஓர் ஊருக்கு உரிமை உண்டா? பதில் சொல்லாமல் இருக்க வருகிறவனுக்கு உரிமை உண்டா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். ஆனால் கதைகளைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

ஊர் தெரியாதவர்களுக்காக: சிவகிரி மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் ராஜபாளையத்தைத் தாண்டி, வாசுதேவநல்லூருக்கு முன்னால். ஒரு காலத்து ஜமீன் ஊர். 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம், அதன்பின் புதிய தென்காசி மாவட்டம். சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சங்கரன்கோவிலில் இறங்கி பஸ் பிடிக்கலாம். ஈரோடு மாவட்டத்திலும் ஒரு சிவகிரி உண்டு. எனக்கு வர வேண்டிய இரண்டு பார்சல்கள் அந்தச் சிவகிரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கின்றன.

2021இல் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்றது. கல்லூரி நண்பனின் மாமா வீட்டு மாடி சிவகிரியில் காலியாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலை. வாடகை, சென்னையில் பைக் நிறுத்தக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூட. கிளம்பிவிட்டேன். நான் திருச்சிப் பக்கம். தென்காசிச் சீமையில் எனக்கு ஒரு சித்தப்பா மகன்கூடக் கிடையாது.

முதலில் தோற்றது என் காலை நடை. மலையைப் பார்த்துக்கொண்டு தினமும் 4 கிலோமீட்டர் நடப்பது என்று திட்டம். முதல் நாள் 300 மீட்டரில் ஒரு பைக் நின்றது. ‘நடந்து போறீகளே, ஏறுங்க தம்பி.’ இல்லை அண்ணாச்சி, சும்மா நடக்கேன் என்றேன். சும்மா நடப்பது என்று ஒன்று இருப்பதை அவர் ஏற்கவில்லை. ‘சும்மா எதுக்கு நடக்கணும்? ஏறுங்க.’ ஏறினேன். ‘எங்க விடணும்?’ என்றார். எனக்கே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு என்று சொல்லி இறங்கி, அங்கிருந்து வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தேன். வழியில் இன்னொருவர் நிறுத்தினார். அந்த வாரம் முழுக்க நான் நடந்ததைவிட பைக்கில் போனதுதான் அதிகம்.

இரண்டாவது, பக்கத்து வீட்டு ஆச்சி. அமெரிக்கக் குழுவோடு எனக்கு இரவு 9 மணிக்கு மேல்தான் மீட்டிங். ஹெட்போன் மாட்டினால் நம் குரல் நமக்கே தெரியாமல் ஏறிவிடும். ஒரு நாள் ஆச்சி படிக்கட்டில் மறித்தார்.

‘ராத்திரி ராத்திரி யாருகூட தம்பி சண்டை போடுதீக?’

‘சண்டை இல்ல ஆச்சி, வேலை.’

‘வேலைக்கா இம்புட்டுச் சத்தம்? இருவது பொம்பளை நாத்து நட்டாக்கூட இம்புட்டு வராதே.’

நம்பவில்லை. அடுத்த வாரம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: ‘அந்தப் பிள்ளை சமாதானம் ஆயிட்டாளா?’ எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. ஆயிட்டா ஆச்சி என்றேன். அன்று சாயங்காலம் பணியாரம் வந்தது. சமாதானத்துக்கான பணியாரம்.

மூன்றாவது, கூரியர். முகவரியில் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் பிசகாமல் எழுதுவேன். அதை யாரும் படிப்பதில்லை. பார்சல் டீக்கடையில் இருக்கும். டீக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும்போதே ‘புஸ்தகம்போல, கனமாத்தான் இருக்கு’ என்பார். புத்தகம் இல்லை என்றால் என்னவென்று சொல்லாமல் அங்கிருந்து நகர முடியாது. சென்னையில் என் எதிர் வீட்டுக்காரர் பெயர் மூன்று வருடமாக எனக்குத் தெரியாது. இங்கே நான் எந்த அளவு செருப்புப் போடுவேன் என்பது நாலு பேருக்குத் தெரியும்.

போலந்தில் பிறந்த மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வகைப் பேச்சைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். சாப்பிட்டாச்சா, எங்க இம்புட்டுத் தூரம், மழை வருமா என்பதெல்லாம் தகவல் கேட்பதற்காக இல்லை. இரண்டு பேர் நடுவே கயிறு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக. சாயங்காலம் நாலு மணிக்கு ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டவரிடம், மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டேன், தயிர் சாதம் என்று சொன்னால் அவர் முகம் குழம்பும். ‘ஆச்சு, நீங்க?’ என்பதுதான் சரியான பதில். எங்கள் தொழிலில் இதை ‘பிங்’ என்போம். ஒரு கணினி இன்னொரு கணினியிடம் ‘இருக்கியா?’ என்று கேட்கும், அது ‘இருக்கேன்’ என்று சொல்லும். வேறு சரக்கு எதுவும் அதில் இருக்காது. ஆனால் அது நின்றுபோனால் ஏதோ ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம்.

இதுவரை எல்லாம் சிரிப்புத்தான். ஆனால் எல்லாக் கேள்வியும் ‘பிங்’ கிடையாது. சில கேள்விகளுக்குக் குறிப்பிட்ட ஒரு பதில் வேண்டும். அந்தப் பதில் வரும்வரை அவை நிற்பதில்லை.

அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. யாரு வீட்டுக்கு? சொந்த ஊர் எது? அதுல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்ணுதாக? அங்க உங்காளுக நிறையவோ? கடைசியாக, குரலைக் கொஞ்சம் இயல்பாக்கிக்கொண்டு: ‘உங்களுக்கு சாஸ்தா எது?’

தென்மாவட்டக்காரர்களுக்கு இது விளங்கும். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று குளத்தங்கரையிலும் காட்டு ஓரத்திலும் இருக்கிற தங்கள் சாஸ்தா கோயிலுக்கு எந்த ஊரில் இருந்தாலும் வந்து சேர்வார்கள். எந்த சாஸ்தா என்று தெரிந்தால் எந்த வம்சம் என்று பிடித்துவிடலாம். பிடிபடாமலும் போகும். ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதிக்காரர்கள் வருவதும் உண்டு. அப்போது ‘பொங்கல் எந்தப் பக்கம் வைப்பீக?’ என்று அடுத்த கேள்வி வரும்.

‘எங்க பக்கம் சாஸ்தா கிடையாதுங்க’ என்றேன் ஒருவரிடம்.

‘சாஸ்தா இல்லாத ஊரும் உண்டுமா?’ என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

இந்த வரிசை ஏன் இவ்வளவு நீளம்? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்தியாவின் பல மாநிலங்களில் ஒருவர் முழுப் பெயரைச் சொன்னதும் விசாரணை முடிந்துவிடும். பெயரின் பின்பாதி எல்லாவற்றையும் சொல்லிவிடும். தமிழ்நாட்டில் அந்தப் பின்பாதி இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் போடும் சாதிப் பட்டத்தைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் அது பெரும்பாலும் நடந்தும் விட்டது. என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து, அவ்வளவுதான். கேட்பவருக்கு அது போதவில்லை. அதனால் ஒரே கேள்வியில் முடிய வேண்டிய விஷயத்துக்கு அவர் ஆறு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இயக்கம் கேள்வியை ஒழிக்கவில்லை. கேட்பதைக் கடினமாக்கியது, கேட்பவரைச் சுற்றி வளைத்துப் போக வைத்தது. அதுவே சின்ன விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். நேராகக் கேட்கக் கூச்சம் வந்துவிட்டது என்றால், தான் கேட்பது என்னவென்று கேட்பவருக்கும் தெரிகிறது.

ஆனால் கூச்சத்தை எவ்வளவு நம்பலாம்? இந்த வட்டாரத்தில் பெயர் ஒன்றே கலவரமாகியிருக்கிறது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனின் படையில் இருந்த தேவேந்திரகுலத் தளபதி. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பிய எதிர்ப்பு உயிர்ப்பலிகளில் போய் முடிந்தது. அந்த ஜூலையிலேயே எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. இன்று ராஜபாளையத்திலிருந்து சிவகிரிக்கு வரும் அரசு பஸ்ஸில் யார் பெயரும் இல்லை. பள்ளிக்கூடத்திலோ கேள்வியே தேவைப்படாத நிலை வந்தது. பிள்ளைகள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு கேட்பதற்கு முன்னே பதில் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்டபின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது.

என்னோடு பொறியியல் படித்த நண்பன் ஒருவன் ஐந்து நாள் வந்து தங்கினான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு காலனித் தெருவில் பிறந்தவன். இன்று என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான். டீக்கடையில் வரிசை தொடங்கியது. யாரு வீட்டுக்கு என்பதற்கு என்னைக் காட்டினான். சொந்த ஊர்?

‘அண்ணா நகர். மெட்ராஸ்.’

‘அதுக்கு முன்னாடி?’

‘அதுக்கு முன்னாடியும் அண்ணா நகர்தாங்க.’

‘தாத்தா?’

‘அவரும் அண்ணா நகர்தான். அப்ப அதுக்கு வேற பேரு.’

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. பல வருடமாகத் தீட்டி வைத்த பதில் என்று பார்த்தாலே தெரிந்தது. அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது சொன்னான்: ‘உனக்கு இது ஊர்க்கதை மச்சான். எனக்குப் புளியரை செக்போஸ்ட்டு. வண்டியில ஒண்ணும் இல்லைன்னாலும் கை நடுங்கும்.’

அதே கேள்வி, அதே பெஞ்சு, அதே டீ. கேட்டவரும் ஒரே ஆள்தான். கேள்வியின் சொற்களைப் பார்த்தோ, கேட்பவரின் மனசைப் பார்த்தோ அது அன்பா விசாரணையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. என் நண்பனுக்குக் காசு வாங்காமல் வடை கொடுத்தவர்.

தத்துவவாதிகள் இந்த இடத்தில் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இம்மானுவேல் காண்ட் 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய நூலில், அந்நிய மண்ணில் வந்து இறங்கும் மனிதனுக்கு ஓர் உரிமை உண்டு என்கிறார்: வந்தான் என்பதற்காக அவனைப் பகையாளியாக நடத்தக் கூடாது. உபசரிக்க வேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை. வந்து போக விட வேண்டும், அவ்வளவுதான். பூமி உருண்டை, அதன் பரப்பு எல்லோருக்கும் பொது, ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளாமல் முடியாது என்பது அவர் வாதம். இருநூறு வருடம் கழித்து, 1996 ஜனவரியில் பாரிஸில் ழாக் தெரிதா விருந்தோம்பல் பற்றி நடத்திய வகுப்புகளில் இன்னும் அடியில் போய்க் கேட்டார்: வருகிறவனிடம் பெயரைக் கேட்பதில் விருந்தோம்பல் தொடங்குகிறதா, இல்லை, பெயரைக் கேட்காமலேயே உள்ளே விடுவதிலா? பெயர் கேட்டால் அது நிபந்தனை ஆகிவிடும். கேட்காமல் விட்டால் வந்தவன் யாரோ ஒருவனாகவே நிற்பான். அவனை அழைக்க ஒரு சொல்கூட நம்மிடம் இருக்காது. இரண்டில் ஒன்றை விட்டுவிடவும் முடியாது என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் காட்டினார்.

தெரிதாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் ஒரு விஷயம் அவருக்குப் பிடித்திருக்கும். நாம் சாப்பாட்டோடு சேர்த்து நினைக்கிற ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் ‘புதுமை’. தொல்காப்பியம் செய்யுளியலில், புதிதாக ஆக்கப்படும் நூலுக்கே விருந்து என்றுதான் பெயர். புதியவர் என்பதால்தான் வந்தவர் விருந்தினர் ஆனார்; அவருக்குப் போட்டதால் சாப்பாடும் விருந்தானது. உறவினர் வந்தால் அந்தச் சொல் பொருந்தாது, அது சுற்றம். இன்றைக்கு நாம் விருந்து வைப்பது பெரும்பாலும் சுற்றத்துக்குத்தான். மறுவீடு, கறிவிருந்து, தலைவாழை இலை எல்லாம் முன்பே தெரிந்தவர்களுக்கு. தெரியாதவருக்கு நாம் வைத்திருப்பது ‘யாரு வீட்டுக்கு?’ என்ற கேள்வி. அதாவது, நீ எந்தச் சுற்றம் என்று சொல், விருந்து அப்புறம்.

அப்படியென்றால் சின்ன ஊர் புதியவனுக்கு எதிரி, ஊராருக்கு நண்பன் என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2022 செப்டம்பரில், சிவகிரி இருக்கும் இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம் என்ற ஊரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பெட்டிக்கடையில் தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குத் தின்பண்டம் தரக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிற பொருளில் கடைக்காரர் பேசும் வீடியோ நாடு முழுக்கப் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தார்கள், கைது செய்தார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்கீழ் நெல்லை நீதிமன்றம் உத்தரவும் போட்டது.

அந்தப் பிள்ளைகள் அந்த ஊருக்குப் புதியவர்கள் கிடையாது. அங்கேயே பிறந்தவர்கள். யாரு வீட்டுக்கு, எந்தப் பக்கம், தாத்தா யாரு என்று கடைக்காரர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாப் பதிலும் அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மறுக்க முடிந்தது. அதே காலத்தில், அதே மாவட்டத்தில், என் சாஸ்தாவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாத ஊர் எனக்குப் பணியாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. சின்ன ஊரில் எல்லோரும் எல்லோரையும் தெரிந்து வைத்திருப்பார்கள் என்று நகரத்துக்காரர்கள் ஏக்கமாகச் சொல்கிறோம். பாஞ்சாகுளத்தில் அந்தப் பிள்ளைகளையும் நன்றாகத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

ஜெர்மன் சமூகவியலாளர் ஜார்ஜ் ஸிம்மல் 1908இல் அந்நியன் பற்றி எழுதியது இங்கே உதவுகிறது. அவர் சொல்லும் அந்நியன் வழிப்போக்கன் கிடையாது. இன்று வந்து நாளையும் தங்கிவிடுபவன். ஊருக்குள் இருப்பான், ஆனால் ஊரின் பழைய கணக்குகளில் அவனுக்குப் பற்றும் இல்லை, வரவும் இல்லை. அதனாலேயே மற்றவர்கள் தங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லாததை அவனிடம் சொல்வார்கள். இது எனக்கு அப்படியே நடந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஆனதும், அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் பட்டா பார்க்கச் சொல்லி போனோடு வர ஆரம்பித்தார்கள். சர்வே எண்ணைத் தட்டும் நேரத்துக்குள் பங்காளிச் சண்டை முழுவதும் வெளியே வரும். அண்ணன் கையெழுத்துப் போடாதது, அக்காவுக்குக் கொடுக்காமல் விட்டது, வரப்பு நகர்ந்தது. நான் யாருக்கும் உறவில்லை, யாருக்கும் பகையில்லை. நான் ஒரு சுவர். புதியவனுக்குக் கிடைக்கும் அன்பில் பாதி அவன் சம்பாதித்தது இல்லை, அவன்மேல் பழைய கணக்கு எதுவும் இல்லை என்பதால் வருவது.

இந்த இடத்தில் சென்னையைத் தூக்கிப் பிடிக்கத் தோன்றும்: யாரையும் எதுவும் கேட்காத மாநகரம். கேட்காமலா இருக்கிறது? நான் முன்பு இருந்த அடுக்குமாடியில் வாசலில் ஒரு செயலி. வீட்டு வேலைக்கு வரும் அக்கா எத்தனை மணிக்கு நுழைந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்று அது எனக்குச் செய்தி அனுப்பும். அவரிடம் அதைப் பற்றி யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. வீடு தேடும்போது புரோக்கர் கேட்கும் ‘நீங்க வெஜ்ஜா சார்?’ என்பது உணவைப் பற்றிய கேள்வி இல்லை என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மாநகரத்தின் விசாரணையில் பெஞ்சும் கிடையாது, டீயும் கிடையாது. திரும்பக் கேட்கவும் முடியாது. சிவகிரியில் கேட்பவரிடம் ‘உங்களுக்கு சாஸ்தா எங்க?’ என்று நான் திருப்பிக் கேட்கலாம். செயலியிடம் கேட்க முடியாது.

ஆக, கேள்வி எங்கேயும் இருக்கிறது. கேட்காத ஊர் என்று ஒன்று இல்லை. அதனால் நான் வேறொரு அளவுகோலுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் தொழிலில் ஒரு நிரலைச் சோதிக்கும்போது சரியான உள்ளீட்டைக் கொடுத்து வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்க மாட்டோம். வெற்றாக விட்டால் என்ன ஆகிறது என்றும் பார்ப்போம். ஊரையும் அப்படிச் சோதிக்கலாம். பதில் சொல்லாமல் இருந்தால் என்ன நடக்கிறது? பதில் இல்லாமலும் டீ வந்தால் அந்தக் கேள்வி வெறும் பேச்சு. பதில் வராமல் டீ வராது என்றால் அது செக்போஸ்ட். கேட்பவரின் நல்ல மனசு அதை மாற்றாது.

நண்பன் ஊருக்குப் போனபின் நான் பதில் சொல்வதை நிறுத்தினேன். சண்டையாக இல்லை, சிரித்துக்கொண்டே. திருச்சிப் பக்கம் என்பதோடு சரி. அதற்கு மேல் யார் கேட்டாலும் ‘அது கெடக்கட்டும் அண்ணாச்சி, மலையில மழை எப்படி?’ என்று பேச்சை மாற்றுவேன். ஊர் வெற்றிடத்தைத் தானே நிரப்பிக்கொண்டது. என்னைப் பற்றி நாலு கதைகள் உலவின. மலையாளத்தான், பார்டர் பக்கம்தானே. வேதக்காரர், அதனால்தான் சாஸ்தா இல்லை. வேற சாதிப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தவர். அவளோடுதான் ராத்திரிச் சண்டை. நாலாவது, இன்கம்டாக்ஸ் ஆள். இதைக் கிளப்பிவிட்டவர் ஒரு நகைக்கடைக்காரர் என்று கேள்வி.

டீ நிற்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மாறியது வேறொன்று. பலசரக்குக் கடையில் மாசக் கணக்கு ஆரம்பிக்க வேண்டும் என்றபோது கடைக்காரர் பேனாவைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். நோட்டில் மற்றவர்கள் பெயரோடு தெருவோ குடும்பப் பட்டப்பெயரோ இருக்கும். எனக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் ‘மாடி கம்ப்யூட்டர்’ என்று எழுதினார். அடுத்த ஒரு வருடம் அந்தத் தலைப்பின்கீழ்தான் அரிசியும் புளியும் வாங்கினேன். எங்கே இருக்கிறான், என்ன வேலை செய்கிறான் என்ற இரண்டை வைத்து ஒரு மனிதனை நோட்டில் ஏற்ற முடியும், கடன் கொடுக்க முடியும், மாசக் கடைசியில் வசூலிக்கவும் முடியும் என்று அந்த அண்ணாச்சி கண்டுபிடித்துவிட்டார். தாத்தா இல்லாமலும் வியாபாரம் நடந்தது.

போனில் நண்பனிடம் இதைச் சொன்னேன். நல்ல விஷயம்தான் என்றான். பிறகு, ‘நீ சொல்லாம இருந்தே. சரி. அந்தத் தெருவுலயே பொறந்தவன் எப்படிச் சொல்லாம இருப்பான்?’ என்றான்.

என் அளவுகோலின் எல்லை அதுதான். பதிலை மறைக்கும் வசதி வெளியூர்க்காரனுக்கு உண்டு. என் பின்னால் ஒரு நல்ல வீட்டு மாடி இருந்தது, கையில் சம்பளம் இருந்தது, பிடிக்கவில்லையென்றால் பொதிகை எக்ஸ்பிரஸ் இருந்தது. உள்ளூரில் பிறந்தவனின் பதில் அவன் பிறப்பதற்கு முன்பே ஊரிடம் இருக்கிறது. அவன் கணக்கு நோட்டின் தலைப்பைத் தாத்தா காலத்திலேயே எழுதிவிட்டார்கள். அவனுக்கு மௌனம் உதவாது. எழுதியவர்கள்தான் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் எனக்கு இதற்காகத்தான் வேண்டியிருக்கிறது. புதியவனுக்குச் சோறு போடுவது ஒரு சின்ன ஊருக்குக் கஷ்டமே இல்லை. சிவகிரி எனக்கு ஒன்றேகால் வருடம் அதைச் செய்தது, நன்றாகவே செய்தது. கஷ்டமானது, பல தலைமுறையாகத் தெரிந்த ஒருவரை இன்றைக்குத்தான் வந்தவர்போலப் பார்ப்பது: என்ன வேலை செய்றீக, எங்க இருக்கீக, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு, அந்தப் பதில்களை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வது. பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு தின்பண்டம் வாங்க வரும் பிள்ளையிடம் ‘என்ன வேணும்?’ என்பதைத் தவிர வேறு எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாத கடைக்காரர் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கிறேன். ஊரை முழுக்க அறிந்த ஒருவருக்கு அது சுலபமாக வராது, தெரிந்ததை மறக்கப் பழக வேண்டும். அதற்குச் சட்டம் கொஞ்சம் உதவும். பாஞ்சாகுளத்து வழக்கில் கிடைத்தது ஆறு மாதம். மீதியை ஊர்தான் செய்ய வேண்டும்.